டெல் பாயின் வாயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: விளம்பரம் எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருநாள் போனை நீட்டி, "தம்பி, நீ விளம்பரம் எழுதுற ஆளுதானே, இதை ஒரு பார்வை பாரு" என்றார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவரே போட்டிருந்தது இது: "தரமான, சுவையான, ஆரோக்கியமான இட்லி மாவு இப்போது உங்கள் பகுதியில்! இன்றே அணுகுங்கள்." மூன்று வாரமாக இதே வரிதான். தினமும் எண்பது பேர் பார்க்கிறார்கள், ஒருவரும் அணுகவில்லை.

விளம்பரம் எழுதப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் புத்தகம் எதையும் சிபாரிசு செய்வதில்லை. 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' என்ற பிரிட்டிஷ் காமெடித் தொடரைப் பார்க்கச் சொல்வேன். ஜான் சல்லிவன் எழுதியது. பிபிசியில் 1981 முதல் 2003 வரை விட்டு விட்டு ஓடியது. தெற்கு லண்டனில் பெக்காம் என்ற பகுதி, அங்கே ஓர் அடுக்குமாடியில் டெரிக் டிராட்டர் என்கிற டெல் பாய், அவன் தம்பி ராட்னி, ஒரு தாத்தா. டெல்லாக நடித்தவர் டேவிட் ஜேசன். சந்தையில் சூட்கேஸைத் திறந்து வைத்துக் கூவி விற்பதுதான் பிழைப்பு. என்ன சரக்கு என்பதெல்லாம் அன்றன்றைக்கு எது கையில் சிக்குகிறதோ அது. "அடுத்த வருஷம் இந்நேரம் நாம கோடீஸ்வரங்கடா" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். 1996 டிசம்பர் 29 அன்று வந்த எபிசோடை பிரிட்டனில் 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, டெல் அதற்கு நேர்மாறான உதாரணம். அவன் வாயில் ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் எபிசோடுக்கு எபிசோடு கவிழ்கிறான். கவிழ்க்கிற இடம் பெரும்பாலும் பேச்சுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கிறது. அதனால்தான் கீழே வரும் ஏழு படிகளில், விளம்பரத்தை எழுதுவது நான்காவதாக வருகிறது. அவசரப்பட்டு அங்கே தாவ வேண்டாம்.

1. முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

1981 செப்டம்பரில் வந்த முதல் எபிசோடிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. டெல் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு லாட் பிரீஃப்கேஸ் வாங்கிவிடுகிறான். எண் பூட்டு வைத்த, பார்க்க ஜோரான பெட்டிகள். பூட்டைத் திறக்கும் எண் எழுதிய சீட்டு எங்கே இருக்கிறது? பூட்டிய பெட்டிக்குள்ளே.

சிரித்துவிட்டு நம் கதைக்கு வருவோம். விற்கப்போகும் பொருளை நீங்களே ஒரு முறை வாங்கிப் பயன்படுத்துங்கள். சும்மா தொட்டுப் பார்ப்பது போதாது. இன்னொரு எபிசோடில் ஒரு சீன உணவகத்தின் சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்க வைக்கிறான். மிச்சத்தை அம்மாவின் கல்லறை மேலும் பூசுகிறான். பகலில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இருட்டியதும் கல்லறை பளபளவென்று ஒளிர்கிறது! ஒரு ராத்திரி வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் அக்காவிடம் ஒரு கிலோ மாவு வாங்கினேன். முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாளும் தோசை, நான்காம் நாள் புளித்துவிட்டது. ஒவ்வொரு நாளும் இரண்டு வரி குறித்து வைத்தேன். இந்தக் குறிப்புதான் பின்னால் விளம்பரமாக மாறப்போகிறது.

ஆர்டர் கொடுக்கும் வழியையும் நீங்களே நடந்து பாருங்கள். போன் நம்பர் போட்டிருந்தால் அந்த நம்பருக்கு அடித்துப் பாருங்கள். நான் எழுதிய முதல் பிட் நோட்டீஸ் 5000 பிரதி அச்சானது. போன் நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது. தவறு என்னுடையது, பணம் கடைக்காரருடையது. அவர் பிறகு என்னிடம் எழுதக் கொடுக்கவில்லை.

2. ஒரு முகத்தைப் பிடியுங்கள்

சந்தையில் கூவுகிற யாரையும் கவனியுங்கள், டெல்லையும்தான். கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதுபோல இருக்கும். உண்மையில் ஒருவரைத்தான் பார்ப்பார்கள். நடையைக் கொஞ்சம் தளர்த்தியவரை, கையைப் பொருளை நோக்கிக் கொண்டுபோனவரை.

எழுதும்போது முகம் எதிரில் இருக்காது என்பதால் நாமாகவே கொண்டுவர வேண்டும். ஒரு தாளை எடுத்து, மேலே தெரிந்த ஒருவரின் பெயரை எழுதுங்கள். "குடும்பத் தலைவிகள்", "இளைய தலைமுறை" என்று எழுதக் கூடாது, அதெல்லாம் முகமில்லாதவை. அக்காவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எதிர் பில்டிங் டீச்சர். அவங்க வீட்ல கிரைண்டர் ரிப்பேராகி ஆறு மாசம் ஆச்சு" என்றார். ஆறு மாதமாக ரிப்பேரான கிரைண்டர்! இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

3. பெயரும் போர்டும்

டெல்லின் வண்டி அழுக்கு மஞ்சள் நிற ரிலையண்ட் ரீகல், மூன்று சக்கர வேன். பக்கவாட்டில் எழுதியிருப்பது: 'டிராட்டர்ஸ் இண்டிபெண்டண்ட் டிரேடிங் கம்பெனி, நியூயார்க் – பாரிஸ் – பெக்காம்'. உலகத்திலேயே நேர்த்தியான மூன்று சொல் நகைச்சுவை இதுதான் என்பேன். முதல் இரண்டும் ஆசை, மூன்றாவதுதான் நிஜம். ஆனால் அது பார்க்கிற நமக்குத்தான் நகைச்சுவை. டெல் அதை நம்பித்தான் எழுதி வைத்திருக்கிறான்.

உங்கள் போர்டில் நியூயார்க்கும் பாரிஸும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடுங்கள். 'உலகத் தரம்', 'நம்பர் ஒன்', 'சர்வதேச' போன்ற சொற்கள்தான் அவை. அடித்துவிட்டுப் பெக்காமை மட்டும் மிச்சம் வையுங்கள். ஊர், தெரு, என்ன விற்கிறீர்கள், எத்தனை மணி வரை. சின்னக் கடைக்கு இது போதும்.

இன்னொரு சின்ன விஷயம். பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். டிராட்டர் கம்பெனிக்கு அப்படி வாசித்தால் அசிங்கமான ஒரு சொல் வரும். ராட்னி படித்து வாங்கிய டிப்ளமாவுக்கும் அதே கதி.

4. சரி, இப்போது எழுதலாம்

இங்கேதான் டெல்லின் வாய் உதவும். அவன் சந்தையில் பேசுவதை ஒரு முறை வெறுமனே கேளுங்கள், இரண்டாம் முறை தாளும் பேனாவுமாகக் கேளுங்கள். முதலில் நடந்து போகிறவரை நிறுத்துகிறான். அப்புறம் பொருளைத் தூக்கிக் காட்டுகிறான். கேட்கிறவர் மனதில் என்ன சந்தேகம் வரும் என்று அவனுக்குத் தெரியும், அவர் வாய் திறப்பதற்குள் தானே பதில் சொல்லிவிடுகிறான். விலை கடைசியில்தான் வரும். வந்ததும் உடனே வாங்க ஒரு காரணத்தையும் சேர்த்துத் தள்ளுவான்.

இந்த வரிசையில் அக்காவின் மாவை உட்கார வைத்தோம். முதல் வரிக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. "தரமான" என்று தொடங்கினால் யாரும் நிற்க மாட்டார்கள், தரமற்ற மாவு என்று எவராவது போர்டு வைத்திருக்கிறாரா? டீச்சர் சாயங்காலம் பள்ளியிலிருந்து வரும்போது மனதில் என்ன ஓடும் என்று கேட்டேன். அக்கா சட்டென்று சொன்னார்: "நாளைக்குக் காலையில என்ன பண்றதுன்னுதான்."

கடைசியில் வந்தது இது:

"நாளைக் காலை என்ன டிபன்? இட்லிக்கு மாவு இன்று மாலை 5 மணிக்கு அரைத்து முடிக்கிறேன். இரவு வெளியே வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். ஆப்ப சோடா போடுவதில்லை. ஃப்ரிட்ஜில் 3 நாள் தாங்கும். நான்காம் நாள் புளித்துவிடும், ஊத்தப்பத்துக்கு அதுதான் ருசி. கிலோ 60 ரூபாய், பாத்திரம் கொண்டு வந்தால் 55. தினமும் 12 கிலோதான் அரைக்கிறேன். வேண்டும் என்றால் 3 மணிக்குள் ஒரு மெசேஜ் போடுங்கள்."

நான்காம் நாள் புளித்துவிடும் என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி அக்கா மன்றாடினார். "நம்ம குறையை நாமே சொல்றதா தம்பி?" என்றார். ஆனால் அந்த வரி இருந்தால்தான் '3 நாள் தாங்கும்' என்பதை ஆள் நம்புவார். தன் குறையைத் தானே சொல்கிறவர் மற்ற இடத்தில் பொய் சொல்ல மாட்டார் என்று கேட்கிறவர் மனம் கணக்குப் போடும். டெல்லுக்குத் தெரியாத ஒரே வித்தை இதுதான். அவன் சரக்கில் குறையைச் சொல்லத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது?

12 கிலோ என்பதும் நிஜம். அவர் கிரைண்டர் இரண்டு லிட்டர், அதற்கு மேல் ஓட்டினால் மோட்டார் சூடாகிறது. சும்மா 'குறைந்த அளவே உள்ளது' என்று எழுதினால் ஒரு வாரத்தில் பாச்சா பலிக்காமல் போகும். மறுநாளும் அதே மாவு அங்கேயே இருப்பதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டெல்லின் நண்பன் டிரிகர் தெரு பெருக்குகிறவன். இருபது வருடமாக ஒரே துடைப்பத்தை வைத்திருந்ததற்காக அவனுக்குப் பதக்கம் கிடைக்கிறது. பெருமையாகச் சொல்கிறான்: 17 முறை தலை மாற்றியிருக்கிறேன், 14 முறை கைப்பிடி மாற்றியிருக்கிறேன். '17', '14' என்ற அந்த எண்கள் இருப்பதால்தான் கதை இத்தனை வருடம் கழித்தும் நினைவில் நிற்கிறது. ஆனால் அதே எண்கள்தான் அவன் சொல்ல வந்ததைக் கவிழ்க்கின்றன. எண் போடுங்கள், போட்ட பிறகு அது உங்கள் பக்கம்தான் பேசுகிறதா என்று பாருங்கள். '25 வருட அனுபவம்' என்று எழுதிவிட்டுக் கீழே 'தொடக்கம் 2011' என்று அச்சடித்த விசிட்டிங் கார்டை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு அந்தப் பிரெஞ்சு. டெல் பெரிய மனிதனாகத் தெரிய வேண்டும் என்று பிரெஞ்சுச் சொற்களை அள்ளி வீசுவான். ஒருவரைப் பார்த்ததும் 'ஒ ரெவ்வார்' என்பான், அதற்குப் பொருள் போய்வருகிறேன். கிளம்பும்போது 'போன்ஷூர்', அதாவது வணக்கம். நம் விளம்பரங்களில் வரும் 'எக்ஸ்க்ளூசிவ்', 'பிரீமியம்', 'சிக்னேச்சர்' எல்லாம் இந்த வகைதான். எதிர் பில்டிங் டீச்சரிடம் நேரில் பேசும்போது அந்தச் சொல் உங்கள் வாயில் வருமா? வராதென்றால் எழுத்திலும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

5. பெக்காம் ஸ்பிரிங்: கோடு எங்கே இருக்கிறது

எனக்கு மிகவும் பிடித்த எபிசோடு 1992 கிறிஸ்துமஸ் அன்று வந்தது. டெல் வீட்டுக் குழாயைத் திறந்து பாட்டில் பாட்டிலாக நிரப்புகிறான். மேலே லேபிள்: 'பெக்காம் ஸ்பிரிங்', பெக்காம் ஊற்று. விற்றுத் தள்ளுகிறான்.

லேபிளில் மொத்தம் இரண்டே சொல். ஒன்று ஊர்ப் பெயர், ஒன்று ஊற்று. பச்சை மலை, சிலுசிலுவென்ற ஓடை எல்லாவற்றையும் வாங்குகிறவரே தன் மனதில் வரைந்துகொள்கிறார். பெக்காம் என்பது நெருக்கடியான லண்டன் பகுதி, அங்கே ஏது மலை என்று யாரும் கேட்பதில்லை. பெயர் வைப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஏமாற்றுவது எப்படி என்பதற்கும் இதுதான் பாடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 12 வருடம் கழித்து நிஜத்திலும் ஏறத்தாழ இது நடந்தது. 2004 பிப்ரவரியில் கோகோ கோலா தன் 'டசானி' தண்ணீரை பிரிட்டனில் இறக்கியது. விளம்பரத்துக்கு மட்டும் 70 லட்சம் பவுண்டு. தூய தண்ணீர் என்பதே அதன் முழக்கம். அது வந்த இடம் லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள சிட்கப், மூலப்பொருள் அங்கே ஊருக்கெல்லாம் வருகிற அதே குழாய்த் தண்ணீர். பத்திரிகைகள் விடுமா? உடனே டெல் பாயை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்திவிட்டன.

கம்பெனியிடம் பதில் இல்லாமல் இல்லை. குழாய்த் தண்ணீரைப் பல படிகளில் சுத்திகரித்து, உப்புகள் சேர்த்துத்தான் பாட்டிலில் அடைத்தார்கள். அமெரிக்காவில் அதே தண்ணீர் நன்றாகவே விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் டெல்லைப் பார்த்துச் சிரித்துப் பழகிய மக்களிடம் அந்தப் பதில் எடுபடவில்லை. இதோடு போகவில்லை. சேர்த்த கால்சியம் உப்பில் இருந்த புரோமைடு, கிருமி நீக்க ஓசோன் செலுத்தியபோது புரோமேட் என்ற தீங்கு தரக்கூடிய பொருளாக மாறியது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற பிரிட்டன் வரம்பை அது தாண்டிவிட, மார்ச் மாதத்தில் சுமார் 5 லட்சம் பாட்டில்களைத் திரும்ப எடுத்தார்கள். டசானி பிரிட்டனுக்குத் திரும்பவில்லை. டெல்லின் தண்ணீரும் கதையின் முடிவில் மாசுபட்டுத்தான் போகும். சல்லிவன் அதையும் முன்னாலேயே எழுதிவிட்டார்!

இந்தக் கதையை நான் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவர் அடுத்த யோசனையை எடுத்து விட்டார். "கல் உரல்ல அரைச்சதுன்னு போடுவோமா? எல்லாரும் அதைத்தான் தேடுறாங்க."

"உங்களிடம் உரல் இருக்கிறதா அக்கா?"

"கிரைண்டருக்குள்ள இருக்கிறது கல்லுதானே தம்பி?"

பெக்காம் ஸ்பிரிங் பிறக்கிற இடம் இதுதான். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பிடித்தால் ஏதோ ஒரு வாதம் கிடைக்கும், சேர்ந்து ஒரு பொய்ப் படத்தை வரையும். நான் பயன்படுத்தும் சோதனை எளிது. வாங்கியவர் முன்னறிவிப்பு இல்லாமல் மாலை 5 மணிக்கு உங்கள் சமையலறைக்குள் வந்து நின்றால், அந்த வரியை அவரே சத்தமாகப் படித்தால், உங்களுக்குக் கூச்சமாக இருக்குமா? இருக்கும் என்றால் அடித்துவிடுங்கள். 'கல் கிரைண்டரில் அரைத்தது' என்பது நிற்கும். 'உரல்' நிற்காது. அக்காவுக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் ஒத்துக்கொண்டார்.

6. நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததா?

முதல் சீசனிலேயே டெல் ஒரு சுற்றுலா பஸ் தொழில் தொடங்குகிறான். பஸ் தயார், டிரைவர் தயார், ஆள் மட்டும் ஒருவரும் வரவில்லை. காரணம் கடைசியில் தெரிகிறது. நோட்டீஸ் கொடுக்க வேண்டிய தாத்தா அத்தனையையும் அடுக்குமாடியின் குப்பைக் குழாயில் போட்டுவிட்டார்.

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிட் நோட்டீஸ் என்றால் பேப்பரோடு சேர்ந்து வருகிறதா என்று நான்கு வீட்டில் கேளுங்கள். ஸ்டேட்டஸ் என்றால் யார் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் தெரியும். அக்காவின் எண்பது பேரைப் பட்டியல் போட்டுப் பார்த்தோம். அறுபது பேருக்கு மேல் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள். மதுரையிலிருந்து யார் வந்து மாவு வாங்கப் போகிறார்கள்? பக்கத்து மூன்று பில்டிங் குரூப்பிலும் செய்தியைப் போடச் சொன்னேன், மாலை 5 மணிக்கு இல்லை, மதியம் 1 மணிக்கு.

7. கராஜில் கிடக்கும் கடிகாரம்

அந்த 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்த எபிசோடில் டெல் நிஜமாகவே கோடீஸ்வரன் ஆகிறான். கராஜில் பல வருடமாகத் தூசி படிந்து கிடந்த பழைய பாக்கெட் கடிகாரம் ஒன்று, பழம்பொருள் வியாபாரி ஒருவர் கண்ணில் படுகிறது. கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணிக்க உதவிய கடிகாரங்களைச் செய்த ஜான் ஹாரிசன், 18ஆம் நூற்றாண்டில் செய்ததாகக் கதையில் வரும் கடிகாரம் அது. சோத்பிஸ் ஏலத்தில் 62 லட்சம் பவுண்டுக்குப் போகிறது. இத்தனை வருடம் கூவிக் கூவி விற்றவன் அதைக் கூவவே இல்லை. அது சரக்கு என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

எழுதியதைப் போட்ட பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு நோட்டு வாங்கி, கேட்டு வருகிற ஒவ்வொருவரும் என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். வாங்கினார்களா இல்லையா என்பது அப்புறம். அக்கா பள்ளி நோட்டு ஒன்றில் இரண்டு வாரம் எழுதினார். மாவு எப்படி என்று கேட்டவர்கள் மூன்று பேர். சோடா பற்றி ஒருவர். ஊத்தப்பம் வரியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வாங்கியவர்கள் இரண்டு பேர். பதினோரு பேர் கேட்டது வேறு: "நான் வர ஒன்பது ஆகிடும், அப்ப கிடைக்குமா?"

அக்காவின் வீடு தரைத் தளம். மகன் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும்வரை எப்படியும் விளக்கு எரியும், கதவு திறந்திருக்கும். அதை ஒரு விஷயமாக அவர் நினைத்ததே இல்லை. இப்போது ஸ்டேட்டஸின் இரண்டாவது வரி அதுதான்: "இரவு 10 வரை பெல் அடிக்கலாம்."